சாக்கடை எங்கே முடிகிறது?

(பெருமாநல்லூரில் நடந்த கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற விவசாய சங்கத்து அண்ணன்மார்களுக்கும், கம்பெனியில் ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிற அக்காமார்களுக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, வீட்டுக் கழிவுநீரும் வயல் கழிவுநீரும் ஆற்றை என்ன செய்கின்றன என்பது. சாயக் கழிவைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்துச் சிலர் வந்திருப்பீர்கள். சாயத்தைப் பற்றி நீங்களே என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். நான் சாயத்தில் தொடங்கி, அதை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போகப் போகிறேன்.

இந்த ஊருக்குத் தண்ணீர் அரசியல் புதிதில்லை. 1970 ஜூன் 19ஆம் தேதி, மோட்டார் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மீது இதே பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். யூனிட்டுக்கு ஒரு காசு உயர்வுக்காக உயிர் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறோம். கிணற்றிலிருந்து மேலே வரும் தண்ணீருக்கு இந்த மண்ணில் தியாகிகள் இருக்கிறார்கள், நினைவுச் சின்னம் இருக்கிறது, ஆண்டுதோறும் அஞ்சலி இருக்கிறது. அது நியாயம். வீட்டை விட்டு, வயலை விட்டு வெளியே போகிற தண்ணீருக்காக இதுவரை யாராவது கூடியிருக்கிறோமா? அதைத்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

நொய்யல் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஓடிக் காவிரியில் சேர்கிற ஆறு. 1992இல் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் அணை திறந்தார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணை சில வருடங்களிலேயே சாயத் தண்ணீர்த் தொட்டியாக மாறியது. எங்களுக்கு அணைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொன்ன விசித்திரம் வேறு எங்காவது நடந்திருக்குமா தெரியவில்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஆற்றில் விடுகிற சாயக்கழிவுக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி அபராதம் கட்டச் சொன்னது, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறச் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28இல் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த மாதங்களில் திருப்பூர் எப்படிக் கிடந்தது என்று இங்கே இருக்கிற அக்காமார்களைக் கேளுங்கள். வாரச் சம்பளக்காரர்களுக்குச் சனிக்கிழமையே வராமல் போன காலம் அது.

இப்போது பொது சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. தண்ணீரில் பெரும்பகுதியை மீட்டு மறுபடி சாயத்துக்கே அனுப்புகிறார்கள். மழை பெய்கிற இரவில் யாராவது திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் இன்னும் இருக்கிறது. அதற்குச் சட்டம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறார்கள். அதனால் அதை இங்கே விடுகிறேன்.

நான் நிற்க விரும்புகிற இடம் இந்தக் கதையின் நடுவில் வருகிற ஒரு எண். வேலூர் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், சூழலுக்கு ஏற்பட்ட இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் உருவானது. அந்த ஆணையம்தான் நொய்யலுக்கும் 2004இல் இழப்பீடு கணக்கிட்டது. 68 கிராமங்கள், 28,596 விவசாயிகள், ஏறத்தாழ 24.79 கோடி ரூபாய். அந்தப் பணத்தை வாங்க விவசாயிகள் எத்தனை வருடம் நடையாக நடந்தார்கள் என்பது தனிக்கதை. அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்த 28,596இல் எங்கம்மா இல்லை.

எங்கம்மா நொய்யல் கரையில் மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் களை வெட்டியவர். கிணறு உப்பாகி, மஞ்சள் அழுகி, தென்னை காய்ப்பை நிறுத்தியபோது நிலத்துக்காரருக்கு வெள்ளாமை போனது. எங்கம்மாவுக்கு வேலை போனது. ஒரே தண்ணீர் இரண்டு பேரையும் கெடுத்தது. இழப்பீட்டை நிலத்தையும் கிணற்றையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். சிட்டா உள்ளவருக்குக் கணக்கு உண்டு. போன கூலி நாட்களுக்குச் சிட்டா கிடையாதே. கொங்கு நாட்டில் நிலம் யாரிடம் இருக்கிறது, களைக்கொத்து யார் கையில் இருக்கிறது என்பது இந்த அரங்கில் தெரியாதவர் இல்லை. அருந்ததியர் வளவில் இருந்து பண்ணையத்துக்குப் போன எத்தனை ஆயிரம் பேருக்கு எத்தனை நாள் கூலி போனது என்று எந்த ஆணையமும் எண்ணவில்லை. எங்கம்மா திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டினார். நான் எட்டாம் வகுப்போடு கைமடிக்கப் போனேன். ஆற்றைக் கெடுத்த தொழிலே எங்களுக்குச் சோறு போட்டது. இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

சரி, இப்போது சாயத்தை விட்டுவிட்டு வீட்டுச் சாக்கடைக்கு வருவோம்.

சாயத்துக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியும். ஆறு சிவப்பாக ஓடினால் நீதிபதி வந்து பார்க்கலாம், பத்திரிகைக்காரர் படம் பிடிக்கலாம், வாதி உண்டு, பிரதிவாதி உண்டு. யூரியா கரைந்து ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. கக்கூஸ் குழியிலிருந்து கசிந்து போர் தண்ணீரில் கலக்கிற நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, ருசியும் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதிகமானால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தை. பவுடர் பாலைக் கரைக்கிற தண்ணீரில் நைட்ரேட் இருந்தால், குழந்தையின் ரத்தம் உயிர்வாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும். மற்றபடி நமக்கு உப்பு மட்டும்தான் தெரியும். வாயில் வைத்ததும் சப்பைத் தண்ணி என்று துப்பிவிடுவோம்.

ஒரு கணக்குப் போடுவோம். நகரத்துக் குடிநீர்த் திட்டங்களில் தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் திட்டம் போடுவார்கள். அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பி வரும் என்பது பொறியாளர்களின் வாய்ப்பாடு. ஆளுக்கு 108 லிட்டர். 2011 கணக்கெடுப்பில், விரிவாக்கிய திருப்பூர் மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 8.77 லட்சம். பெருக்கிப் பாருங்கள், நாளொன்றுக்கு ஒன்பது கோடி லிட்டரைத் தாண்டுகிறது. வழக்கு நடந்த காலத்தில் சாயப்பட்டறைகள் எல்லாம் சேர்ந்து ஆற்றில் விட்டதாகச் சொல்லப்பட்ட அளவும் ஏறத்தாழ இதே கோடிகளில்தான் இருந்தது. பட்டறையை மூட உத்தரவு போட்டோம். வீட்டை மூட முடியுமா?

இந்த 135 லிட்டர் கணக்கில் ஒரு பொய்யும் இருக்கிறது. அது சராசரி. பெரிய வீட்டுக்காரர் காரைக் கழுவுகிற தண்ணீரும் அதில் அடக்கம். எங்கள் காலனியில் குடத்தை எண்ணித்தான் பிடிக்கிறோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் பத்து ரூமுக்கு ஒரு கக்கூஸ் என்று லைன் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் 135 லிட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. குறைவாகக் கழிவு விடுகிறவர் வீட்டு வாசலில்தான் ஊர்க் கழிவு முழுக்க வந்து நிற்கிறது. ஏன் என்று கேட்டால் 'தண்ணி பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும்' என்பார்கள். ஓடட்டும். பள்ளத்தில் யார் வீடு இருக்கிறது? மேட்டு நிலம் தோட்டத்துக்கு, ஊருக்கு, கோயிலுக்கு. ஓடைப் புறம்போக்கும் பள்ளமும் நமக்கு. இலவசப் பட்டா என்று அரசு கொடுத்ததிலும் பாதி அப்படிப்பட்ட இடம்தான். புவியீர்ப்பு விசைக்குச் சாதி தெரியாது. மனை பிரித்தவருக்குத் தெரியும்.

நம் இயக்கத்தின் வரலாறு தண்ணீரில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். 1927 மார்ச் 20ஆம் தேதி மஹத்தில் சவதார் குளத்துத் தண்ணீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்தார். இங்கே சென்னை மாகாணத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அள்ளுகிற உரிமைக்காக நூறு வருடம் போராடியிருக்கிறோம். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அது ஒரு நாளில் நடந்த கொடுமை என்று நாடே கொதித்தது. சாக்கடை முழுவதையும் காலனிக்கு ஓரத்தில் கொண்டுவந்து விட்டு, அந்தச் சாக்கடைக்குப் பக்கத்திலேயே காலனிக்கான போர் குழாயைப் போட்டுக் கொடுப்பது தினம் நடக்கிறது. அதற்குப் பெயர் 'வடிகால் வசதி'. மற்றவருடைய கழிவு என் வாசலுக்கு வராமல் இருக்கிற உரிமையும் தண்ணீர் உரிமைதான் என்று நாமே இன்னும் உரக்கச் சொல்லத் தொடங்கவில்லை.

அந்தக் கழிவுக்குள் இறங்குகிறவர் யார் என்பதையும் சொல்லாமல் போக முடியாது. 2025 மே மாதம், பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய மூன்று தொழிலாளிகள் நச்சுவாயு தாக்கிச் செத்தார்கள். கோடிக்கணக்கில் செலவு செய்து உப்பைக்கூடப் பிரித்தெடுக்கிற எந்திரங்கள் ஓடுகிற ஊர் இது. அதே ஊரில் மனிதக் கழிவுத் தொட்டிக்கு மனிதன்தான் எந்திரம். கையால் மலம் அள்ளுவதற்குத் தடைச் சட்டம் 2013இல் வந்தது. இப்படிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறிக்கொண்டே போகிறது, சாவு நிற்கவில்லை. ஆற்று நீரின் தரத்தைப் பற்றிப் பேசுகிற கருத்தரங்குகளில் இதைத் 'தொழிலாளர் பாதுகாப்பு' என்று தனி அமர்வுக்குத் தள்ளிவிடுகிறார்கள். தொட்டியில் கிடப்பது நாளைக்கு ஆற்றுக்குப் போகிற தண்ணீர்தானே? இறங்கி அள்ள மலிவாக ஆள் கிடைக்கிறவரை, ஒழுங்கான தொட்டியோ, உறிஞ்சு லாரியோ, சுத்திகரிப்பு நிலையமோ கட்ட யாருக்கும் அவசரம் வராது. நொய்யல் சாக்கடையாக இருப்பதற்குச் சாதியும் ஒரு காரணம் என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

இனி, பின்வரிசை அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

சாய வழக்கில் நீங்கள் வாதி. உரக் கழிவில் நீங்களும் பிரதிவாதி. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. விலை குறைவு என்பதால் கை தாராளமாக வீசுகிறது. பயிர் எடுத்தது போக மீதி கிணற்றுக்கும் ஓடைக்கும் போகிறது. பல்லடம் பக்கம் முழுக்கக் கறிக்கோழிப் பண்ணை, அந்த எருவைக் குவித்து வைத்த இடத்தில் மழை பெய்தால் அதுவும் ஓடைக்குத்தான். இந்தச் சத்தும், நம் வீட்டுச் சோப்புத் தண்ணீரும், கக்கூஸ் தண்ணீரும் சேர்ந்துதான் குளத்தில் ஆகாயத்தாமரையை அப்படி வளர்க்கின்றன. குளத்துக்கு யாரோ உரம் போட்டு வளர்த்தது மாதிரி இருக்கிறதே என்று ஒரு தோழர் கேட்டார். போட்டிருக்கிறோம் தோழர், எல்லோரும் சேர்ந்துதான் போட்டிருக்கிறோம்.

ஆனால் வயலையும் வீட்டையும் பட்டறையையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. சாய உப்பு மக்காது. அது எங்கே போனாலும் உப்பாகவே இருக்கும், அதனால்தான் ஒரத்துப்பாளையம் மண் இன்னும் ஆறவில்லை. வீட்டுச் சாக்கடை அப்படி இல்லை. காற்றும் நேரமும் கொடுத்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். காற்றே இல்லாமல் ஆற்றில் கொட்டினால் தண்ணீரில் இருக்கிற உயிர்வாயுவை எடுத்துக்கொண்டு மீனைக் கொல்லும். அதாவது சாக்கடையைச் சுத்தம் செய்வது சாயத்தைச் சுத்தம் செய்வதைவிட எளிது, செலவும் குறைவு. கடினமானதைச் செய்து முடித்துவிட்டு எளியதைச் செய்யாமல் இருக்கிறோம். உப்பைப் பிரிக்கச் சொல்லி விரட்ட, நிலமுள்ள வாதிகள் இருந்தார்கள். சாக்கடைக்குப் பக்கத்தில் வாதியாக நிற்க வேண்டியவர்களின் புகாரை யாரும் வாங்குவதில்லை.

வீட்டில் வெளியேறும் தண்ணீரில் பெரும்பகுதி குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர். கக்கூஸ் தண்ணீரை அதனுடன் கலக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கிராமத்தில் அதை உறிஞ்சு குழியில் விடலாம், வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். சுத்தம் செய்த நகரத்து நீரை வயலுக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சும் நடக்கிறது. பெங்களூரின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். வறண்ட ஏரி நிரம்பியது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு, அரைகுறைச் சுத்திகரிப்பு நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு. நான் இதை எதிர்க்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் பாய்கிற சேற்றில் வெறுங்காலோடு நின்று நாற்று நடுகிற பெண் யார் என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். நிலத்துக்காரருக்குத் தண்ணீர், கூலிக்காரருக்குச் சொறி என்று முடியக் கூடாது.

இந்தப் பேச்சு நமக்கு ஏன் இப்போது அவசரம் என்றால், அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. பவானியின் உபரி நீரைப் பம்ப் செய்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். மூன்று தலைமுறை கேட்ட தண்ணீர். நானும் போய்ப் பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனையோ குட்டைகளில் ஒரு பக்கம் குழாயில் பவானித் தண்ணீர் விழும், எதிர்ப்பக்கம் ஊர்ச் சாக்கடை விழும். குட்டைத் தண்ணீர் பூமிக்குள் இறங்கிப் போர்களை நிரப்புவதுதான் திட்டத்தின் நோக்கம். சாக்கடையும் கூடவே இறங்கும். இங்கிருந்து தெற்கே நல்லாற்றைப் பாருங்கள். அவிநாசி, திருமுருகன்பூண்டிப் பக்கத்துச் சாக்கடைகளைச் சுமந்துகொண்டு நஞ்சராயன் குளத்துக்குப் போகிறது. அந்தக் குளம் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கடல் கடந்து வருகிற பறவைக்குச் சர்வதேசப் பாதுகாப்பு கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. நல்லாற்றுக் கரையில் குடியிருக்கிறவனுக்கு ஒரு உள்ளூர்ப் பாதுகாப்பாவது வேண்டும் என்கிறேன்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் கூடுகிறது. அதில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த ஊரின் ஒவ்வொரு சாக்கடையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வரைபடம் கொடுங்கள். வரைந்து பார்த்தாலே பாதிச் சண்டை வந்துவிடும், வரட்டும். அடுத்து, காலனி போர் தண்ணீரையும் ஊர்ப் போர் தண்ணீரையும் ஒரே நாளில் எடுத்து ஒரே பலகையில் முடிவை எழுதிப் போடச் சொல்ல வேண்டும், நைட்ரேட்டும் சேர்த்து. மலக்கசடு லாரி எங்கே கொட்டுகிறது என்பதற்குப் பதிவேடு கேட்க வேண்டும். 2014லேயே அதற்கு அரசு வழிகாட்டி நெறிமுறை போட்டிருக்கிறது. ராத்திரி ஓடையில் திறந்துவிட்டுப் போகிற லாரி எல்லோருக்கும் தெரியும், வண்டி எண்ணை மட்டும் யாருக்கும் தெரியாது. விவசாய சங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இழப்பீடு என்று நீதிமன்றம் போகும்போது, போன கூலி நாட்களையும் மனுவில் எழுதுங்கள். உங்கள் கிணற்றுக்கு நாங்கள் சாட்சி சொல்ல வருகிறோம்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: 'சாக்கடையில் சாதியைக் கொண்டு வரலாமா?' தோழர், நான் கொண்டு வரவில்லை. நான் பிறந்தபோதே அது வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், நாங்கள் பத்துப் பேர் ஊர் மேட்டிலிருந்து சாக்கடையோடு நடந்து அது முடிகிற இடம்வரை போகப் போகிறோம். உப்பு பார்க்கிற மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. நைட்ரேட் பார்க்கிற பட்டை வாங்க வேண்டும், அதற்கு உண்டியல் வாசலில் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் செருப்புக்குப் பதில் ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். பின்வரிசை அண்ணன்மார்களில் ஒருவராவது வந்தால், நடை உங்கள் தோட்டத்து வாய்க்காலிலிருந்தே தொடங்கும்.